கூடத்துத் தரையில் ஆல்டித்தின் திருகை

பிரபு ஃபுல்க்கின் மாளிகைக்கு நான் உளியும் மட்டப்பலகையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கூடத்து மூலையில் எங்கள் ஊர்த் திருகைகள் குவிந்து கிடந்தன. வீட்டில் மாவு அரைக்கக் கூடாது, பிரபுவின் ஆலையில் பங்கு கொடுத்துத்தான் அரைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் புகுந்து பிடுங்கி வந்தவை. இனி அவற்றையே தரையாகப் பதிக்க வேண்டுமாம். அவர் மிதித்து நடப்பாராம்.

என் மனைவி ஆல்டித்தின் திருகையும் அந்தக் குவியலில் இருந்தது. பிடுங்க வந்த அன்று விட மாட்டேன் என்று அதைக் கட்டிப் பிடித்தாள். பிரபுவின் குதிரைக்காரர்கள் கல்லோடு சேர்த்து இழுத்தார்கள். கல் வந்தது. அவள் வாசலிலேயே செத்துக் கிடந்தாள்.

"தரை மட்டமானா உன் தம்பிய விட்டுடறேன்னு பிரபு வாக்குக் குடுத்திருக்கார், ஹாமோ," என்றார் காரியஸ்தர் தர்ஸ்டன். திருகையை வைக்கோலில் ஒளித்து வைத்ததற்காகத் தம்பி காட்வின் நிலவறையில் கிடந்தான்.

அந்த ஒரு வாக்குக்காகத்தான் அவள் கல்லையும் பதித்தேன்.

மறுநாள் அவள் கல் மட்டும் விரலளவு எழும்பி நின்றது. தோண்டி, மணல் மாற்றி, சுண்ணாம்பு ஊற்றி இறக்கினேன். மறுபடியும் எழும்பியது. குப்புறக் கவிழ்த்துப் பதித்தேன்.

எழும்பியது.

"என்னடா, கல்லு பதிக்கிறியா, வெத வெதைக்கிறியா? தினமும் முளைக்குது!" என்றார் காரியஸ்தர்.

"நான் என்னங்க பண்றது? கல்லு கேக்க மாட்டேங்குது."

"உங்க ஊர்ல கல்லுக்கும் திமிரா?"

அழுகையே வந்துவிட்டது. அவர் போனதும் தரையில் வாயை வைத்துக் கெஞ்சினேன். "ஆல்டித், அடங்கேன்டி. காட்வின் செத்துடுவான்."

கீழே ஏதோ மெல்ல உருண்டது.

புது மாவின் வாசனை.

கடைசியில் காரியஸ்தர்தான் வழி சொன்னார். பிரபுவின் கனத்த ஓக் நாற்காலியை அந்தக் கல்மேலேயே போட்டோம். தரை மட்டமானது. பிரபு உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"என் தம்பி, பிரபுவே... வாக்கு..."

"எந்தத் தம்பி?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. பிரபுவைக் காணோம். கல்லைச் சுற்றி மாவு, இன்னும் சூடாக.

மாவுக்கு மேலே அவருடைய முத்திரை மோதிரம்.

காரியஸ்தர் அதை எடுத்து ஊதித் துடைத்தார். "பிரபு... வேட்டைக்குப் போயிருக்கார்," என்றார். 

பனிக்காலம் பிறக்குமுன் பிரபுவின் மகன் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். படித்தவர், நியாயம் பேசுகிறவர் என்று ஊரே நம்பியது. நானும் நம்பிப் போய் மண்டியிட்டேன்.

"அப்பா போட்ட சட்டம் சட்டந்தான். ஆலை விஷயத்துல மாத்தமில்ல. உன் தம்பி உள்ளேயே இருக்கட்டும்..."

சட்டென்று நிறுத்தினார். நெற்றி சுருங்கியது.

"யாருப்பா அது, மாவு அரைக்கிறது?"

 எல்லோரும் அவர் காலடியையே பார்த்தோம்.

பட்டப்பகலில், அத்தனை பேர் கண்முன்னே, நாற்காலி மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது.