எட்டுக் கௌரவ நடுவர்கள்

பச்சையப்பனுக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. அவர் பட்டுக் கடை முதலாளி, தெரு நலச் சங்கத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு ஒரு கோகோ ஆட்டம். அதற்கு மூன்று பேனர் கட்டினார். மூன்றிலும் அவர் படம்தான்.

ஆடுகிறவர்களுக்கு ஒரு படிவம் வேறு. அதில் இருபத்திரண்டு கேள்விகள். "இதுவரை வென்ற சர்வதேசப் பதக்கங்கள்?" என்றுகூட ஒன்று. பத்து வயதுக் கனிமொழி, "இன்னும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, தலைவர் மைக்கில் அணியை அறிவித்தார். ஏழு பேரில் சார்லியின் பெயர் இல்லை. அவன் இடத்தில் தலைவரின் அக்கா மகன் கிரண் இருந்தான்.

"சார்லிக்குத் தனி மரியாதை! ஆட வேண்டியதில்லை. கௌரவ நடுவராக நாற்காலியில் அமர்வார். பட்டுச் சால்வை போர்த்தப்படும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். சார்லி தட்டவில்லை. அந்தத் தெருவிலேயே வேகமாக ஓடுகிறவன் அவன்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கனிமொழி பார்த்தாள்.

"சால்வையெல்லாம் தராங்க. மூஞ்சிய இன்னாத்துக்குத் தொங்கப் போட்டுகினு இருக்க?"

சார்லி சுற்றிலும் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரத்தத்துல இருக்கிற ஒரு கிருமி. பொறந்ததுலேர்ந்து இருக்கு. தெனமும் மாத்திரை போட்டா அது அடங்கிக் கெடக்கும். படிவத்துல 'நோய் உண்டா'ன்னு கேட்டிருந்தாங்க இல்ல? அம்மா உள்ளத எழுதிட்டாங்க."

கனிமொழி கொஞ்சம் யோசித்தாள். "உன்கூட ஆடினா எனக்கு ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்டாலும் ஒட்டாது. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நல்லா ஓடி ஆடு, அப்பதான் வளருவேன்னாங்க. அதையும் அம்மா எழுதியிருக்காங்க. இவரு மொத வரியோட நிறுத்திட்டாரு போல."

"வா, நேரா போய்க் கேக்கலாம்."

"வேணாம். கேட்டா மைக்குல பதில் சொல்லுவாரு."

அதுவும் சரிதான். பச்சையப்பன் தும்மினால்கூட மைக்கில்தான் தும்முவார்.

மறுநாள் கனிமொழி அணியில் இருந்த மற்றவர்களின் வீடுகளுக்குப் போனாள். சார்லியின் ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஓடினா முட்டி தேயும். உக்காந்தா பட்டுச் சால்வை. அவனுக்கு மட்டும் கௌரவம், நமக்கு இல்லியா?"

கேட்ட உடனே எல்லாருக்கும் கௌரவத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. கிரணுக்கு மிகவும் அதிகமாக வந்தது. ஓடுவது அவனுக்கு எப்போதுமே பேஜார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் நீளமாக விரித்திருந்த பாவு நூலை நெசவாளர்கள் சுருட்டி எடுத்ததும், பிள்ளைகள் ஆட்டத்துக்குக் கோடு போட்டார்கள். பச்சையப்பன் சால்வையோடு வந்தார். அவர் கடையில் ஒரு அடுக்கு சால்வை உண்டு. எல்லாம் கரையில் இழை தப்பியவை. விற்பனைக்கு ஆகாது, மரியாதைக்கு ஆகும். அதில் ஒன்றைக் கையை நீட்டி, மீனுக்கு வலை வீசுவதுபோலத் தள்ளி நின்றே சார்லி மேல் போட்டார்.

நிஜ நடுவரான உடற்பயிற்சி ஆசிரியர் அற்புதராஜ் விசில் ஊதினார். பக்கத்துத் தெரு அணி இறங்கியது. நம் அணி இறங்கவில்லை. ஏழு பேரும் சார்லியின் நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"இன்னாது இது?" என்றார் பச்சையப்பன், மைக்கில்.

"நாங்களும் கௌரவ நடுவர்ங்க, தலைவர் மாமா. சால்வை குடுங்க," என்றாள் கனிமொழி.

"எட்டுப் பேரும் நடுவர்னா யாரு ஆடறது?"

"அதான் எங்களுக்கும் தெரியல."

பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். அற்புதராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் பாப்பேன். வரலன்னா அவங்க ஜெயிச்சாங்கன்னு எழுதிடுவேன்."

பச்சையப்பன் தன் மூன்று படங்களையும் ஒருமுறை பார்த்தார். வேர்த்துவிட்டது. "சார்லிக்குச் சால்வை தந்ததுக்குக் காரணம் இருக்கு. ஏன்னா அவனுக்கு..."

சார்லி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். கனிமொழி குனிந்து மைக் ஒயரைப் பிடுங்கினாள்.

மைக் இல்லாத பச்சையப்பன் திடீரென்று குள்ளமாகத் தெரிந்தார்.

சார்லி எழுந்து அவர் அருகில் போய், மெதுவாகச் சொன்னான். "மாமா, என் படிவத்துல ரெண்டாவது வரி இருக்குங்க. மனசுக்குள்ளயே படிங்க."

அவர் படிவக் கட்டைத் தேடி எடுத்து, உதட்டை அசைத்துப் படித்தார். 'டாக்டர் நன்றாக ஓடி விளையாடச் சொல்லியிருக்கிறார். தொட்டால் யாருக்கும் எதுவும் வராது. சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். இப்படிக்கு, அம்மா ஜெபராணி.'

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்குது," என்றார். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.

படிவத்தை மடித்துக் கட்டுக்குள் வைத்தார். பிறகு கிட்ட வந்து, சார்லியின் தோளில் இருந்த சால்வையைத் தன் கையாலேயே எடுத்தார். "போ, ஜல்தி இறங்கு," என்று முதுகில் தட்டினார். "ஆனா சால்வைய யாருக்காவது போத்தணுமே..."

கிரண் இரண்டு கையையும் தூக்கினான்.

ஆட்டம் சூடு பிடித்தது. சார்லி ஓடும் முறை வந்தபோது யார் கைக்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டே போனான். பிறகு துரத்தும் முறை. கடைசி நிமிடம். இன்னும் இரண்டு பேரைத் தொட்டால் வெற்றி. துரத்தி வந்த கனிமொழி, கோட்டில் உட்கார்ந்திருந்த சார்லியின் முதுகை நோக்கிக் கையை நீட்டினாள். முதுகில் தட்டி 'கோ' சொன்ன பிறகுதான் எழ வேண்டும். சார்லி அதற்கு முன்பே பாய்ந்துவிட்டான்.

விசில். தப்பு ஆட்டம். நேரமும் முடிந்துவிட்டது. ஒரு புள்ளியில் தோல்வி.

"கோ சொல்றதுக்குள்ள இன்னாடா அவசரம் உனக்கு? உன்னாலதான் தோத்தோம்," என்றாள் கனிமொழி.

"நீதான் லேட்டா சொன்ன."

"யாரு, நானா?"

மற்ற ஐந்து பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அவன் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்கள். வாசலில் ஜெபராணி நின்றிருந்தார்.

"ஜெயிச்சீங்களாடா?"

"தோத்துட்டோம்மா. என்னாலதான்," என்றான் சார்லி, முகமெல்லாம் பல்லாக.