எதிர் ஜன்னல்காரி

“இந்தப் பெட்டி மூடலைன்னா நான் இங்கேயே தங்கிடுறேன், நீங்க போயிட்டு வாங்க!” என்று மூச்சு வாங்கினார் அப்பா.

பெட்டியின் மேல் தம்பி குண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் பெரியம்மா. அப்பா முழங்காலால் அழுத்த, அம்மா ஜிப்பை இழுத்தார். அது பாதி தூரம் வந்து முரண்டு பிடித்து நின்றது.

“டேய் குண்டு, இன்னும் கொஞ்சம் கனமா உட்காருடா!”

“இதுக்கு மேல எப்படிப்பா கனமா உட்காருறது? இன்னொரு தடவை சாப்பிட்டுட்டு வரட்டுமா?”

விடுமுறையின் கடைசி நாள். கடல் தாண்டிப் பெரியம்மா வீட்டுக்கு வந்தவர்கள் இன்று ஊர் திரும்புகிறார்கள். வீடே தலைகீழாகக் கிடந்தது. சிட்டு மட்டும் பெட்டிப் பக்கமே போகவில்லை. அவள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

ஒரு சந்தின் அகலத்துக்கு அப்பால் எதிர்க் கட்டடம். இதே உயரம், இதே மாடி. அங்கே இடது ஓரத்தில், முள்செடித் தொட்டி வைத்த ஜன்னல். அது ஜன்னல்காரியின் ஜன்னல்.

வந்த மறுநாள் காலையில்தான் சிட்டு அவளை முதலில் பார்த்தாள். பல் துலக்கிக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தால், அங்கேயும் அவள் வயதுப் பெண் ஒருத்தி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். சிட்டு கன்னத்தை உப்பினாள். அவளும் உப்பினாள். சிட்டு நாக்கை நீட்டினாள். அவளும் நீட்டினாள். எதிரில் கண்ணாடியை வைத்ததுபோல், சிட்டு செய்வதையெல்லாம் அவள் அப்படியே செய்தாள். அவ்வளவுதான், தோழிகளாகிவிட்டார்கள்.

குளிருக்குப் பயந்து இரண்டு ஜன்னல்களும் எப்போதும் மூடியே இருக்கும். கத்தினாலும் கேட்காது. கேட்டாலும் ஒருத்தி மொழி இன்னொருத்திக்குத் தெரியாது. அதனால் கையாலேயே பேசினார்கள். சிட்டு அவளுக்கு ஸ்டாச்சு விளையாட்டும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் வைத்தால் ‘ஸ்டாச்சு!’ எதிரில் இருப்பவள் அப்படியே சிலையாக வேண்டும். பத்து விரல்களையும் விரித்துக் காட்டினால் ‘ரிலீஸ்!’

அந்த விளையாட்டில் ஜன்னல்காரி புலி. ஒருநாள் அவளுக்கு ஸ்டாச்சு போட்டுவிட்டு, சிட்டு மறந்துபோய்ச் சாப்பிடப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால், கொட்டாவி விட்ட வாய் திறந்தபடி அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்!

ஆனால் இன்று காலையிலிருந்து அவளைக் காணோம்.

“அம்மா, நான் ஊருக்குப் போறது அவளுக்குத் தெரியாதும்மா. நாளைக்கு வந்து எட்டிப் பார்ப்பா. இந்த ஜன்னல்ல யாருமே நிக்க மாட்டாங்க” என்றாள் சிட்டு.

“பெரியம்மா சொல்லிக்குவாங்கடி. நீ முதல்ல ஷூவைப் போடு.”

“பெரியம்மாவுக்குக் கைப் பாஷை தெரியாதே!”

அப்போது எதிர் ஜன்னலில் ஏதோ அசைந்தது. அவளேதான்! சிட்டு துள்ளிக் குதித்தாள். தன் பையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கைகளையும் விமானம்போல் விரித்துப் பறந்து காட்டினாள். ஜன்னல்காரியின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

சிட்டு தன் நெஞ்சைத் தொட்டாள். அவளை நோக்கி விரலை நீட்டினாள். இரண்டு விரல்களை நடக்கவிட்டுக் காட்டினாள். ‘நான் அங்கே வருகிறேன்!’

ஜன்னல்காரியும் தன் நெஞ்சைத் தொட்டாள். விரலை நீட்டினாள். இரண்டு விரல்களை நடக்கவிட்டாள்.

‘புரிஞ்சுக்கிட்டா! அதான் அப்படியே திருப்பிச் செய்யறா’ என்று சிட்டு நினைத்துக்கொண்டாள்.

“பெரியம்மா, ஓடிப் போயிட்டு ஓடி வந்துடுறேன்!”

“டாக்ஸி வர்ற நேரம்டி!” என்று அம்மா கத்தினார்.

“போயிட்டு வரட்டும் விடு. எதிர்ல தானே? பெரியப்பா பெட்டியோட கீழதான் நிக்கிறார், பார்த்துக்குவார்” என்றார் பெரியம்மா.

சிட்டு பறந்தாள். பெரியப்பா வாசலில் பெட்டிகளுக்குக் காவல் நின்றார். “எங்கம்மா இந்த ஓட்டம்?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், சந்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்தின் லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

மேலே போனால் நீளமான ஒரு நடை. வரிசையாகக் கதவுகள். இடது ஓரம்தானே? இடது ஓரக் கதவைத் தட்டினாள்.

முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஒரு தாத்தா திறந்தார். கையில் ஷேவிங் ரேஸர். அவருக்குப் பின்னால் முள்செடியும் இல்லை, ஒன்றும் இல்லை.

“சாரி தாத்தா!” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சிட்டு நெற்றியைத் தட்டிக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால்தானே இடது? இங்கிருந்து தன் கட்டடத்தைப் பார்த்து நின்றால் அது வலது! நடையின் அடுத்த ஓரத்துக்கு ஓடினாள்.

அங்கே கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜன்னலோரம் முள்செடி! பக்கத்தில் கரண்டியும் கையுமாக ஒருவர் நின்றார். ஜன்னல்காரியின் அப்பாவாக இருக்க வேண்டும். அதே சப்பை மூக்கு.

சிட்டு பேசாமல் கன்னத்தை உப்பி, நாக்கை நீட்டிக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஓ!” என்றவர், அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கரண்டியால் ஜன்னலைக் காட்டினார்.

சிட்டு எட்டிப் பார்த்தாள்.

எதிரே பெரியம்மா வீட்டு ஜன்னல். அதில் ஜன்னல்காரி நின்றுகொண்டிருந்தாள்!

சிட்டுவுக்கு இப்போதுதான் விளங்கியது. அவள் திருப்பிச் செய்யவே இல்லை. ‘நான் அங்கே வருகிறேன்’ என்று அவளும்தான் சொல்லியிருக்கிறாள்! சிட்டு லிஃப்டில் ஏறியபோது அவள் படியில் இறங்கியிருக்கிறாள்.

அவள் வீட்டில் இவள். இவள் வீட்டில் அவள். ஜன்னல்காரிக்குப் பின்னால் அம்மா நின்று, ‘வாடி’ என்று கையை வீசிக்கொண்டிருந்தார். அந்தச் சைகை எந்த நாட்டிலும் புரியும். கீழே டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது.

ஜன்னல்காரி தன் நெஞ்சைத் தொட்டாள். விரலை நீட்டினாள். இரண்டு விரல்களை நடக்கவிட்டாள்.

“ஐயோ, வராதே!” என்று சிட்டு கத்தினாள். இவளும் ஓட, அவளும் ஓட, மறுபடியும் ஒருத்தி லிஃப்டிலும் ஒருத்தி படியிலும் போனால்? டாக்ஸி காத்திருக்காது. விமானம் அதைவிடக் காத்திருக்காது. யாராவது ஒருத்தி நிற்க வேண்டும். கையை ஆட்டினால் ‘வா’ என்று நினைத்துக்கொள்வாள். வேறு எப்படிச் சொல்வது?

ஜன்னல்காரி ஓடுவதற்காகப் பாதி திரும்பிவிட்டாள்.

சிட்டு சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி போட்டாள்.

ஸ்டாச்சு!

பாதி திரும்பியவள் திரும்பியபடியே நின்றாள்.

அவ்வளவுதான். சிட்டு கரண்டிக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாய்ந்தாள். லிஃப்ட், சந்து, பெரியப்பா, மறுபடியும் லிஃப்ட். ‘நிப்பாளா? அம்மா பிடிச்சு இழுத்தா? குண்டு சும்மா இருப்பானா?’

குண்டு சும்மா இல்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் ஜன்னல்காரிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தான். அவள் ஓடத் தூக்கிய கால் தூக்கியபடி, ஒற்றைக் காலில், கண்கூட இமைக்காமல் நின்றாள்.

“என்னடி இது? கரண்ட் அடிச்ச மாதிரி அப்படியே நிக்குது இந்தப் பொண்ணு! பிஸ்கட் குடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேங்குது!” என்று பதறினார் அம்மா.

சிட்டு அவள் முன்னால் போய் நின்றாள். பத்து விரல்களையும் விரித்தாள்.

“ரிலீஸ்!”

‘தொம்’மென்று கால் கீழே வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சுற்றினார்கள். பெட்டியில் இடித்துக்கொண்டு விழுந்தார்கள். அந்த இடியில், அதுவரை முரண்டு பிடித்த ஜிப் சர்ரென்று மூடிக்கொண்டது.

“இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?” என்றார் அப்பா.

ஜன்னல்காரியை இதுவரை இடுப்புக்கு மேல்தான் சிட்டு பார்த்திருக்கிறாள். இப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். ஒரு காலில் சிவப்புக் காலுறை, ஒரு காலில் பச்சை! ஜன்னல்காரி தன் பெயரைச் சொன்னாள். சிட்டுவின் வாயில் அது நுழையவே இல்லை. சிட்டு தன் முழுப் பெயரைச் சொன்னாள். ஜன்னல்காரியின் நாக்கு சுளுக்கிக்கொண்டது. சரி, பெயர் எதற்கு என்று இருவரும் கன்னத்தை உப்பிக்கொண்டார்கள்.

டாக்ஸி கிளம்பியது. சிட்டு பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். நடைபாதையில் நின்ற ஜன்னல்காரி குறும்பாகச் சிரித்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி போட்டாள்.

டாக்ஸி தெருமுனையில் திரும்பிவிட்டது.

“சிட்டு, நேரா உட்காரு” என்றார் அம்மா. சிட்டு அசையவில்லை. ஆட்டிய கை ஆட்டியபடி, சிரித்த வாய் சிரித்தபடி இருந்தாள்.

“அக்கா ஸ்டாச்சும்மா. அவ ரிலீஸ் சொல்லவே இல்லை” என்றான் குண்டு.

“நல்ல கூத்து! அப்புறம் எப்படி விமானத்துல ஏறுவ? பெட்டியோட சேர்த்து உன்னையும் எடை போடட்டுமா?”

சிட்டு யோசித்தாள். உதட்டை அசைக்காமல் பேரம் பேசினாள். “சரி, உடம்பை விட்டுடுறேன். ஆனா சுண்டு விரல் மட்டும் ஸ்டாச்சு.”

விமான நிலையத்திலும் அந்த விரல் கொடிக்கம்பம்போல் நிமிர்ந்தே இருந்தது. நீண்ட வரிசையில், முன்னால் நின்ற நம்மூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பதறி ஒதுங்கினார். “பாப்பாவுக்கு அவசரம் போல, வழி விடுங்க, வழி விடுங்க!”

மொத்த வரிசையும் விலகியது. அப்பாவுக்கு வெட்கமாக இருந்தாலும், வேகமாகவே நடந்தார்.

விமானம் ஓட ஆரம்பித்தபோது அப்பா கேட்டார், “இன்னும் மடக்கலையா?”

“அவதான்பா ரிலீஸ் சொல்லணும்.”

“அதுக்கு நாம திரும்பவும் இங்க வரணுமே!”

“ஆமாம்ப்பா” என்று சிட்டு கன்னத்தை உப்பிக்கொண்டாள். விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. அவள் சுண்டு விரல் அசையவே இல்லை.