கம்ப்யூட்டருக்குத் தெரியாத பௌர்ணமி

"அவரு இன்னும் யோசிக்கிறாரா?" என்று கேட்டார் தசரதன்.

'அவரு' என்றால் லேப்டாப். அதன் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது தசரதனின் நிலம். கிணறு கிடையாது. மழை பெய்தால்தான் பயிர். விவசாய ஆராய்ச்சி செய்யும் ரேவதி, வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"உழாமலே விதைக்கலாங்க. கொள்ளு அறுத்த தாள் அப்படியே கெடந்தா ஈரம் காயாது. இந்த வருஷம் கம்பு, அடுத்து காராமணி, அப்புறம் மறுபடி கொள்ளு. எதை எப்ப போடணும்னு இது சொல்லும்."

"சொல்லட்டும். முதல்ல, போன வருஷம் எனக்கு எத்தனை மூட்டை கொள்ளு வந்துச்சுன்னு சொல்லட்டும். சரியாச் சொன்னா, நாளைக்கு உழ வர்ற டிராக்டரை வேணான்னுடறேன்."

"அதைச் சோதிக்கத்தான் வந்திருக்கேன். நடந்ததைச் சரியாச் சொன்னாத்தானே நடக்கப்போறதை நம்பலாம்?"

பக்கத்தில் நின்ற எழில் நகத்தைக் கடித்தாள். அவள் தசரதனின் மகள், ஆறாம் வகுப்பு. கொள்ளுத் தாள்களுக்கு நடுவே ஒரு ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடுகூட இல்லை, வெறும் தரையில் ஒரு சின்னக் குழி. டிராக்டர் வந்தால் அவ்வளவுதான்.

"எடுத்து வரப்புல வையேன்" என்றுதான் அப்பா சொன்னார். வரப்பில் வைத்தால் தாய்ப் பறவை தேடிக்கொண்டு வருமா என்ன?

வட்டம் நின்றது.

"ஆறு மூட்டை" என்றாள் ரேவதி.

தசரதன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "வந்தது மூணுதாம்மா! அவருக்கு ஆசை ஜாஸ்தி!"

ரேவதி மழைக் கணக்கை மறுபடியும் பார்த்தாள். மண் கணக்கையும் பார்த்தாள். தவறு எதுவும் தெரியவில்லை. நாளைக்கு வருவதை உறுதி செய்ய, தசரதன் டிராக்டர்காரருக்குப் போன் போடத் தொடங்கினார்.

எழில் நிலத்தைப் பார்த்தாள். மேற்குப் பாதி முழுக்கக் கொள்ளுத் தாள். கிழக்குப் பாதியில் டயர்த் தடம் மட்டும்தான்.

"அக்கா, அதுக்குப் பௌர்ணமி தெரியுமா?"

"மழை தெரியும், வெயில் தெரியும். பௌர்ணமி எதுக்கு?"

"அப்பாவைக் கேளுங்க."

தசரதன் தொண்டையைச் செருமினார். "பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்க கார் நிறுத்த எடம் வேணும்ல? பாதியில விதைக்காம விட்டுடுவேன். எப்பவும் பண்றதுதான்."

"ஒரு ஏக்கர்னு சொன்னீங்களே!"

"நெலம் ஒரு ஏக்கர்தாங்க. கார் எங்க நிக்கும்னு நீங்க கேக்கலையே?"

"பாவம்க்கா அது" என்றாள் எழில். "கார் நிக்கிற எடத்துலயும் கொள்ளு வெளைஞ்சிருக்கும்னு நெனைச்சிடுச்சு!"

ரேவதி சிரித்துக்கொண்டே 'அரை ஏக்கர்' என்று மாற்றினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. எழில் மூச்சே விடவில்லை.

"மூணு மூட்டை!"

தசரதன் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார். "அண்ணே, நாளைக்கு வராதீங்க. இல்லண்ணே, சண்டையெல்லாம் இல்ல. கம்ப்யூட்டரு வேணான்னுட்டாரு."

அடுத்த பௌர்ணமி மாலை. கொள்ளுத் தாள் ஓரத்தில் எழில் ஒரு அட்டையை நட்டு வைத்திருந்தாள்: 'இந்தப் பக்கம் வராதீர்கள். நான்கு பேர் இருக்கிறார்கள்.'

காரை நிறுத்திய ஒருவர் எட்டி எட்டிப் பார்த்தார். ஆட்காட்டி அவரைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது.

"நாலு பேர்னு போட்டிருக்கு? ஒருத்தரையும் காணோமே?"

"மெதுவாப் பேசுங்க" என்றார் தசரதன். "அவங்க இன்னும் முட்டைய விட்டே வெளிய வரலை."