ஐந்தாவது படுக்கை

ஜூனியின் கையிலிருந்த மியூசியத் தாளில் குதிரைக்காரன் மந்தைக்கு இடப்பக்கம் இருந்தான். சுவரில் இருந்த ஓவியத்தில் அவன் வலப்பக்கம் இருந்தான்.

"அம்மா, இதைத் தப்பா வரைஞ்சிருக்காங்க," என்றாள் ஜூனி. பெரியவர்களின் பிழையைக் கண்டுபிடித்த ஆறு வயதுக்காரியின் நிறைவு அவள் குரலில் இருந்தது.

"அச்சடிக்கும்போது மாறிப் போயிருக்கும்," என்றாள் மார்லா. சொன்ன பிறகுதான் கவனித்தாள். சமையல் வண்டி, நெருப்பு, படுத்திருக்கும் மாடுகள் எல்லாம் தாளில் எங்கே இருந்தனவோ அங்கேதான் சுவரிலும் இருந்தன. குதிரைக்காரன் மட்டும்தான் இடம் மாறியிருந்தான். அதை அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை அவளுக்கு. காலை ஏழு மணிக்கு அவளை மாற்றிவிட வேண்டிய பெண், "வந்துகிட்டே இருக்கேன்" என்று போனில் சொன்னாள். வந்தபோது மணி பன்னிரண்டு. சாலையெல்லாம் பனி. மார்லா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் தகுதி இன்று தனக்கு இல்லை என்று நினைத்தாள். அந்தக் களைப்போடு, சீருடையைக்கூட மாற்றாமல், பக்கத்து வீட்டிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். மூன்று சனிக்கிழமைகளாகத் தள்ளிப்போட்ட வாக்கு. "உனக்குத் தூக்கம் வந்தா பரவாயில்லம்மா, இன்னொரு நாள் போகலாம்," என்று ஜூனி சொன்னாள். அப்படிச் சொல்லும் குழந்தையை ஏமாற்ற எந்தத் தாய்க்கும் மனம் வராது.

பழைய தீவனக் கிடங்கைத்தான் கௌபாய் மியூசியமாக மாற்றியிருந்தார்கள். தகரக் கூரையில் பனிமழை அரிசி கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. தோல் வாசமும் தரைக்குப் போடும் மெழுகு வாசமும் அதற்கடியில் எப்போதோ இருந்த சோளத்தின் புளித்த வாசமும் கலந்து வந்தன. குதிரையைத் தூண்டக் குதிகாலில் மாட்டும் முள்கள், சுருக்குக் கயிறுகள், கொம்பைத் தாழ்த்தி நிற்கும் வெண்கல எருது, குழந்தைகள் ஏறி ஆடுவதற்கு ஒரு மரக்குதிரை. அந்த மதியம் வேறு யாரும் வரவில்லை. வாசலில் ஹாலிஸ் கிழவர் மட்டும் தொப்பியும் சட்டையில் குத்திய தகர நட்சத்திரமுமாக உட்கார்ந்திருந்தார். கால்நடைப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் இங்கே வந்து வழிகாட்டுபவர்.

"வாங்க ஷெரிஃப் அம்மா," என்று நுழையும்போதே அவர் ஜூனியை வரவேற்றிருந்தார். "ஆயுதம் ஏதாவது வச்சிருந்தா இங்கயே குடுத்துடணும். அதான் சட்டம்."

ஜூனி யோசித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் காட்டினாள்.

"மொனை மழுங்கிப்போச்சே. வச்சுக்கோங்க, யாரும் சாக மாட்டாங்க." பிறகு மார்லாவைப் பார்த்தார். "காலையில ஓப்பலைப் பார்க்கப் போயிருந்தேன். உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தா."

ஓப்பல் அவர் மனைவி. அந்த இல்லத்தில் ஒன்பதாம் எண் அறையில் இருப்பவள்.

"என்ன சொன்னாங்க?"

"அந்தப் பொண்ணு நின்னுகிட்டே தூங்குது ஹாலிஸ், நம்ம கிழட்டுக் குதிரை மாதிரின்னு சொன்னா." அவர் சிரித்தார். மார்லாவால் சிரிக்க முடியவில்லை.

இன்று விடியற்காலை நான்கு மணிக்கு ஒன்பதாம் அறையின் மணி அடித்தது. "இதோ வரேன் ஓப்பல்," என்று நாற்காலியில் இருந்தபடியே மார்லா குரல் கொடுத்தாள். கண்ணைத் திறந்தபோது ஆறு மணி. ஈரப் படுக்கையில், போர்வை கீழே விழுந்து கிடக்க, ஓப்பல் இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். "கூப்பிட்டுப் பார்த்தேன் கண்ணு. அப்புறம், போகுது, நீயாவது தூங்குன்னு விட்டுட்டேன்," என்றாள், பற்கள் அடித்துக்கொள்ள. மார்லா அதை யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அவர்கள் இப்போது நின்ற கடைசி அறைக்குள் எப்போதும் இரவுதான். வளைந்த சுவர் முழுவதும் ஒரே ஓவியம்: நட்சத்திரங்களுக்குக் கீழே புல்வெளி, ஆயிரம் மாடுகள் படுத்திருக்க, மந்தையின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு குதிரைக்காரன். ஓவியம் முடியும் இடத்தில் நிஜ மணல் தொடங்கியது. நிஜ வண்டி, விறகுக்கடியில் சிவப்பு விளக்கு, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கும் நான்கு மெழுகு மனிதர்கள். ஐந்தாவது படுக்கை காலியாக இருந்தது. மணலைச் சுற்றித் தடுப்புக் கயிறு; அந்தப் பக்கம் மட்டும் கட்டவில்லை. 'படுத்துப் பாருங்கள், நட்சத்திரங்களை எண்ணுங்கள்' என்று குழந்தைகளுக்கான பலகை. பக்கத்தில் ஒரு மரத்தாங்கியில், உப்புப் பூத்து வெளுத்த பழைய சேணம்.

"இங்க இருக்கறதுல அந்தச் சேணம் ஒண்ணுதான் நெசமாவே அந்தக் காலத்துது," என்றார் ஹாலிஸ், பின்னால் வந்து நின்று. "ராத்திரி ஆளுக்கு ரெண்டு மணி நேரம் காவல். மந்தையைச் சுத்திச் சுத்தி வரணும். மெதுவாப் பாடிக்கிட்டே வரணும். குரல் கேட்டாத்தான் மாடு மெரளாது. குரல் நின்னா ஒரு நொடியில எல்லாம் எழுந்து ஓடும், எதிர்ல எது இருந்தாலும் கூழாயிடும். நேரம் முடிஞ்சதும் அடுத்த ஆளை எழுப்பணும். தொடக் கூடாது. கூப்பிடணும், அவ்வளவுதான். சுவத்துல இருக்கற இந்தக் குதிரைக்காரனும் வந்து கூப்பிட்டான். அந்தப் படுக்கையில இருந்தவன் 'வரேன்'னான். சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டான். அன்னிக்கு ராத்திரிதான் பெரிய பனி."

மார்லாவின் கண் அந்தக் காலிப் படுக்கைக்குப் போனது.

"ஆள் வருவான்னு நம்பித் திரும்பிப் போயிருக்கான். காலையில சேணத்துல நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உறைஞ்சு செத்திருந்தானாம். ஒரு மாடுகூட ஓடல. பேரைக்கூட யாரும் எழுதி வைக்கல. தூங்கினவன் எழுபது வயசு வரைக்கும் இருந்தான். அதுக்கப்புறம் அவன் கட்டில்ல படுத்ததே இல்லையாம், நாற்காலியிலதான் தூங்குவானாம்." ஹாலிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "முன்னெல்லாம் இங்க பாட்டும் கேக்கும். பாட்டுப் பெட்டி ரிப்பேர். சரி, ஷெரிஃப் அம்மாவுக்குக் கோக்கோ போட்டு எடுத்துட்டு வரேன்."

அவருடைய காலடிச் சத்தம் பலகைத் தரையில் தேய்ந்து மறைந்தது. ஜூனி ஐந்தாவது படுக்கையில் ஏறிப் படுத்தாள். மார்லா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கால்கள் தம் பாட்டுக்கு விண்ணென்று வலித்தன. கூரையில் பனிமழை, எங்கோ கெட்டிலின் சீறல், ஜூனி நட்சத்திரங்களை எண்ணும் முணுமுணுப்பு. இவற்றுக்கெல்லாம் அடியில், பெஞ்சின் மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல, யாரோ வாயைத் திறக்காமல் பாடும் ஒரு மெல்லிய ராகம். ஞாயிற்றுக்கிழமை திருச்சபையில் பாடும் பழைய பாட்டின் சாயல் அதில் இருந்தது. பெட்டியைச் சரிசெய்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். கண் ஓவியத்தின் வலப்பக்கம் போனது. அங்கே குதிரைக்காரன் இல்லை. மந்தைக்கு இந்தப் பக்கம், வண்டிக்கு அருகில், இப்போது ஒரு முழ அளவுக்குப் பெரிதாக இருந்தான்.

எழ வேண்டும் என்று நினைத்தாள். இமை அவளைக் கேட்காமல் இறங்கியது.

நனைந்த குதிரையின் வாசம். சேணத்தோல் கிறீச்சிடும் ஓசை. கன்னத்தில் குளிர்.

"நேரமாச்சு," என்றது ஒரு குரல். கோபமே இல்லாத குரல். அவ்வளவு களைத்த குரலை மார்லா கேட்டதில்லை.

"இதோ வரேன்," என்றாள் ஜூனி.

மார்லா துள்ளி எழுந்தாள். ஜூனி படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"யாருகிட்டடி பேசின?"

"அந்த அங்கிள்கிட்ட. அடுத்தது என் முறையாம். ரொம்ப நேரமா யாருமே வரலையாம் அவருக்கு." ஜூனியின் முகத்தில் பயம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. "வேலை முடிஞ்சு வரப்போ நீ இருப்பியே, அப்படி இருந்தாரும்மா. பாவம்."

மரத்தாங்கியில் சேணம் இல்லை. ஓவியத்தின் விளிம்பில், சாயம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு குதிரை தலையைத் திருப்பி அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகில் சேணம். சேணத்தில் யாரும் இல்லை. சிவப்பு விளக்கு வண்டியின் துணிமேல் நிழல் போட்டிருந்தது. படுத்திருந்த நால்வரின் நிழல். தொப்பியோடு நிற்கும் இன்னொரு நிழல்.

மார்லா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளிக் கூடத்தில் சன்னல் வழியே சாம்பல் வெளிச்சம், பகல் மூன்று மணி, சாலையில் பனி உருக உப்புத் தூவும் வண்டி ஒன்றின் மஞ்சள் விளக்கு. எல்லாம் சாதாரணமாக இருந்தது. ஆனால் அவள் கைக்குள் இருந்த சின்னக் கை பனிக்கட்டியாக இருந்தது. அதை உருவிக்கொண்டு ஜூனி வெண்கல எருதை ஒருமுறை சுற்றினாள். மறுபடி சுற்றினாள். வாயை மூடியபடி பாடிக்கொண்டே சுற்றினாள்.

"ஜூனி, போதும். வா."

"கால் நிக்க மாட்டேங்குதும்மா."

அவள் இமை மயிர்களில் வெண்மை. உதடு நீலம். மார்லா அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தூக்கியபோது குழந்தையின் இரண்டு கால்களும் அகன்று, முழங்கால் மடங்கி, எதையோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தன. சேர்க்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத குதிரை ஒன்று அவர்கள் இருவருக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மூச்சு குறைந்தது. குதிரையின் மூச்சு அல்ல. ஜூனியின் மூச்சு.

கோக்கோக் கோப்பையோடு வந்த ஹாலிஸ் முகம் வெளுத்து நின்றார். "என்னம்மா ஆச்சு? ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். இந்தப் பனியில அவங்க வர எப்படியும் ஒரு மணி நேரம்..."

"அவ்வளவு நேரம் இல்ல." மார்லா குழந்தையை அவர் கைகளில் கொடுத்தாள். தன் கோட்டைக் கழற்றிச் சுற்றினாள். "இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க. ஹாலிஸ், நேத்து ராத்திரி ஓப்பல் என்னைக் கூப்பிட்டாங்க. வரேன்னு சொல்லிட்டு நான் தூங்கிட்டேன்."

"தெரியும்மா," என்றார் கிழவர். "அவ சொன்னா. உன்னை எதுவும் கேக்கக் கூடாதுன்னும் சொன்னா."

மன்னிக்கப்பட்டவர்கள்தாம் பெரிய பாரத்தைச் சுமக்க எழுந்திருக்கிறார்கள். மார்லா கடைசி அறைக்குத் திரும்பி நடந்தாள்.

குதிரைக்காரன் அங்கேயே நின்றான். நெருப்புக்குப் பக்கத்தில். தொப்பியின் விளிம்பிலிருந்து பனி ஊசிகள் தொங்கின. அவற்றுக்குப் பின்னால் முகம் இருந்த இடத்தை மார்லா பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். கடிவாளம் பிடித்தபடியே மடங்கி உறைந்த கைகள்.

"அவ குழந்தை," என்றாள். "அது என் முறை. நான் வரேன்."

அவன் திரும்பினான். ஐந்தாவது படுக்கைக்கு நடந்தான். உட்கார்ந்தான். காலணியைக் கழற்ற அவன் விரல்களால் முடியவில்லை. மார்லா மண்டியிட்டுக் கழற்றிவிட்டாள். ஒவ்வொரு இரவும் இருபது பேருக்குச் செய்வதுதானே. அவன் சாய்ந்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். ஓரங்களைச் செருகினாள். போர்வைக்கடியிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள்.

கூரை இல்லை.

காற்று. நிஜக் காற்று. தொடைகளுக்குக் கீழே சேணம், இரும்பைவிடக் குளிராக. குதிரை நடக்கத் தொடங்கியிருந்தது. இருட்டில் மாடுகளின் முதுகுகள், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, ஒன்றன்பின் ஒன்றாகப் பனியில் வெளுத்துக்கொண்டிருந்தன. ஒன்று காதை அசைத்தது. மார்லா வாயை மூடிக்கொண்டு பாடினாள். சபைப் பாட்டு. காது அசைவது நின்றது.

வெகு தூரத்தில், மந்தைக்கு அந்தப் பக்கம், தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெளிச்சம். அறையின் வாசல். அதில் ஹாலிஸ் நின்றார். "மார்லா, மார்லா" என்று அவர் கூப்பிடுவது கொசுவின் ரீங்காரம்போல் வந்தது. அவர் பக்கத்தில் ஒரு பெரிய கோட்டுக்குள் ஜூனி, தன் காலில் நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. கையில் கோப்பை. ஆவி பறந்தது.

ஆண்டவரே, உமக்கு நன்றி. பாட்டை நிறுத்தாமலே நினைத்தாள்.

நெருப்பருகே படுக்கைகளை எண்ணினாள். ஐந்து. ஐந்திலும் ஆள். ஐவரும் தூங்கினார்கள். அடுத்த முறைக்கு எழுப்புவதற்கு உரியவர் யாரும் இல்லை.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பனி கனத்தது.

அப்போது அந்தச் சின்னக் குரல் கேட்டது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக.

"அம்மா, உன்னைப் பார்த்துட்டேன். நீ ரொம்பக் களைச்சிருக்க. கொஞ்ச நேரம் பாடிக்கிட்டிரு. இதைக் குடிச்சிட்டு நான் வந்து மாத்திவிடறேன்."

வேண்டாம் என்று சொல்ல மார்லா வாயைத் திறந்தாள்.

பாட்டு அறுந்தது. ஒரு மூச்சு நேரம்தான்.

ஆயிரம் தலைகள் எழுந்தன. ஆயிரம் கொம்புகள். அத்தனையும் ஒரே பக்கம் திரும்பின. அந்த வெளிச்சத்தின் பக்கம். அதில் நின்ற குழந்தையின் பக்கம்.

மார்லா வாயை மூடினாள். பாடினாள். கண்ணில் வந்த நீர் இமையிலேயே உறைந்தது. மெதுவாக, மிக மெதுவாக, தலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

தூரத்தில் ஜூனி கோப்பையைச் சிந்தாமல் தரையில் வைத்தாள். காலணிகளைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். ஹாலிஸ் வேறு பக்கம் திரும்பி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜூனி தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து மந்தையின் பக்கம் வந்தாள். மார்லா பாடிக்கொண்டே இருந்தாள்.