காதில் விழாத வரை

பம்பாய் லாட்ஜில் குளித்துப் பதினாறு மணி நேரம் ஆகியும் செல்லமுத்துவின் தலைமுடி காயவில்லை.

விமானம் கடலுக்கு மேல் வந்த பிறகுதான் வசந்தாமணி அதைக் கவனித்தாள். சன்னலோரம் அவள், நடைபாதைப் பக்கம் அவன். அவன் தலை சாய்த்திருந்த வெள்ளைத் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் படர்ந்திருந்தது. காது மடலுக்குப் பின்னால் ஒரு துளி திரண்டு, சற்று நின்று, சட்டைக் காலருக்குள் இறங்கியது. உள்ளே காற்று வறண்டு கிடந்தது. அவளுக்கு உதடு வெடித்து மூக்கு எரிந்தது. துவைத்த சேலையை விரித்துப் போட்டால் அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட காற்றில் அந்தத் தலை மட்டும் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தது போல இருந்தது.

நேற்று மாலை லாட்ஜுக்கு ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தது. கீழே போய்ப் பேசிவிட்டு வந்தவன், ரிக் வண்டியில் கம்ப்ரசர் பழுது என்று மட்டும் சொன்னான். பிறகு குளியலறைக்குள் போனான். காலையிலேயே குளித்திருந்தவன். அவன் வெளியே வந்ததும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். உடுத்தியிருந்த வேட்டி, சட்டை, பனியன் எல்லாம் ஆணியில் தண்ணீர் சொட்டத் தொங்கின.

"துணியோடவா தண்ணி ஊத்திக்கிட்டீங்க?"

"பைப்பு பீச்சிருச்சு புள்ள."

அவள் அவற்றைப் பிழிந்து உதறிப் போட்டாள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களில், தன்னிடம் அதிகமாக ரிக் சாமான்கள் வாங்கிய சிலரை ஒரு கம்பெனி லண்டனுக்கு அழைத்துப் போகிறது. பெண்டாட்டியோடு, பதினைந்து நாள். அவர்கள் ஊரில் இதுவரை யாரும் பெண்டாட்டியோடு விமானம் ஏறியதில்லை. செல்லமுத்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். குழந்தையையும் கொண்டு போகலாமா என்று அவள் கேட்டபோது, "கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு லண்டன்ல என்னத்தப் பாக்கறது?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

பதினாலு மாதக் குழந்தை. ஜேடர்பாளையத்தில் அக்கா காளியாத்தாளிடம் விடுவதென்று முடிவானதும், அவள் பாலை மறக்கடித்தாள். காம்பில் வேப்பெண்ணெய் தடவினாள். குழந்தை வாய் வைத்தது. முகம் சுளித்தது. அழாமல் அவளை நிமிர்ந்து பார்த்தது. மறுபடியும் வாய் வைத்தது. பிறகு அக்கா மல்லிகைச் சரத்தை அவள் மார்பில் வைத்து இறுகக் கட்டிவிட்டாள். இரண்டொரு நாளில் பால் வற்றியது.

முன்வரிசையிலிருந்து ராசப்பன் திரும்பினார். அவரும் ரிக் வண்டிக்காரர்தான்; நேற்று அதே லாட்ஜில் தங்கியவர். செல்லமுத்துவின் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க மாப்ள, லண்டன் குளுருக்கு இப்பவே நனைஞ்சு பழகறீங்களாட்ட இருக்குது!"

அருகிலிருந்த அவர் மனைவி நல்லம்மாள் முழங்கையால் இடித்தாள். அவர் சட்டென்று வசந்தாமணி பக்கம் பேச்சை மாற்றினார். "கீழ பாரு அம்மிணி, எத்தனை மேகம்! நல்லவேளை, ஒண்ணும் நம்ம பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. மழை பேஞ்சா நம்ம ரிக்கு ஓடுமா?" குரல் தேவைக்கு மேல் பலமாக இருந்தது. அவள் சிரித்தாள். அவர் சிரிக்காமல் திரும்பிக்கொண்டார்.

பையிலிருந்த முறுக்கு டப்பாவைத் திறந்து, இருக்கைகளின் இடைவெளி வழியே நீட்டினாள். "அக்கா, எடுத்துக்குங்க."

நல்லம்மாள் முறுக்கைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாள்.

"வேண்டாஞ்சாமி. வயிறு ஒரு மாதிரியா இருக்குது."

சற்று நேரத்தில் முன்னாலிருந்து மிக்சர் மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு வசந்தாமணி கழிவறைக்குப் போகும்போது நல்லம்மாள் நடைபாதையில் எதிரே வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் இருக்கையோடு முதுகை ஒட்டி, மேலே படாமல் ஒதுங்கி வழி விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இழவு விழுந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் ஊரில் அப்படி வழி விடுவார்கள். சாவுச் சேதி கேட்டவர்கள்தான் உடுத்திய துணியோடு தலை முழுகுவார்கள். நேற்றிலிருந்து நினைக்காமல் தள்ளி வைத்திருந்ததை இப்போது நினைத்தாள்.

இருக்கைக்கு வந்தாள். அவன் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"ஏனுங்க. போனது ஆருங்க?"

"ஆரும் போகல. தூங்கு."

"எங்கப்பனா?"

"உங்கப்பன் நல்லாத்தான் இருக்கறாரு."

"பாப்பா..."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பார்ப்பவர்களுக்கு அன்பாகத் தெரியும் விதத்தில் பிடித்து, எலும்பு நோக அழுத்தினான்.

"இங்க பாரு. காதுல உழுகாத வரைக்கும் உனக்குத் தீட்டு இல்ல. பதனஞ்சு நாளு. ஊரைப் பாரு, போட்டோவுக்கு நில்லு, சிரி. அல்லாத்தையும் ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். அதுக்குள்ள மறுக்கா வாயத் தொறந்தே..."

முடிக்காமல் எழுந்தான். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கென்று விட்டிருந்த பின்வரிசைக்குப் போனான்.

அவள் மனம் சொந்தக்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தது. அக்கா. அக்கா புருஷன். சின்னம்மா. ஒரு முகத்தை மட்டும் எடுக்கவில்லை.

படம் போடப் போகிறார்கள் என்று சன்னல்களை மூடச் சொன்னார்கள். மேற்கே பறந்துகொண்டிருந்ததால் வெளியே பகல் நீண்டுகொண்டே இருந்தது. உள்ளே இருட்டு. சன்னல் மூடியின் அடியில் மட்டும் கத்தி முனை போல வெள்ளை வெளிச்சம். எஞ்சினின் ஓயாத இரைச்சலுக்குள், பக்கத்து வரிசைக்காரர் காதில் மாட்டியிருந்த குழாயிலிருந்து யாரோ பேசுவது பூச்சி கத்துவது போலக் கசிந்தது.

மார்பு கனத்தது. ஊசி குத்துவது போல ஒரு வலி, அக்குளிலிருந்து இறங்கியது. குழந்தை அழும் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு அப்படிச் சுரக்கும். எந்தக் குழந்தையும் அழவில்லை. வற்றிப்போயிருந்த பால் சுடச்சுட வந்து ரவிக்கையை நனைத்தது. தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

சூடு நின்றது. ஈரம் நிற்கவில்லை.

ஈரம் சில்லிட்டது. வயிற்றுக்கு இறங்கியது. மடிக்கு இறங்கியது. விரலால் தொட்டு முகர்ந்தாள். பால் வாடை இல்லை. பாசி வாடை. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் வழவழவென்று படியுமே, அந்தப் பாசி. அக்கா வீட்டுக் களத்து மூலையில் ஒரு தொட்டி உண்டு. முழங்கால் உயரம்தான்.

மடி கனத்தது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. கையை மட்டும் மெல்ல இறக்கினாள். ஒரு சின்ன முதுகு. ஈரம். குளிர்.

பிறகு அந்த இழுப்பு. இடது பக்கம். இரண்டு கீழ்ப்பற்கள் எந்த இடத்தில் பதியும் என்று அவளுக்குத் தெரியும். அதே இடத்தில் பதிந்தன.

விமானப் பணிப்பெண் இருட்டில் குனிந்தாள். கையில் சிறிய கம்பளி இருந்தது. அதை வசந்தாமணியின் மடிமேல் விரித்து, ஓரங்களைச் செருகிவிட்டு, குழந்தைக்கு என்ன வயது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வசந்தாமணி பதில் சொன்னாள். இவ்வளவு அமைதியான குழந்தையைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

அப்போதுதான் வசந்தாமணிக்குப் புரிந்தது. யாரும் இன்னும் சொல்லவில்லை. அவள் இன்னும் கேட்கவில்லை. அதனால்தான் வந்திருக்கிறது. அவள் காதில் விழாத வரை இங்கேயே இருக்கும்.

சிகரெட் நெடியோடு செல்லமுத்து வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். அவன் முழங்கை கம்பளியில் பட்டது.

"என்ன புள்ள இது, ஈரம்?"

"மெல்லப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசருது."

அவன் கம்பளியைத் தூக்கினான். திரையில் காட்சி மாறி நீல வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அவள் மடியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். தாடை தொங்கியது.

கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு கால் நீண்டது. பால் குடிக்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பது அதன் வழக்கம். அந்தக் கால் அவன் தொடைமேல் ஏறியது. பாதம் வெளுத்து, ஊறி, சுருங்கியிருந்தது. விரலிடுக்கில் பச்சை. விரல்கள் மடங்கி அவன் சட்டையைப் பற்றின.

"சொல்லாதீங்க," என்றாள் அவள்.

அவன் வாய் அசைந்தது.

"உங்க காலப் புடிச்சுக்கறேனுங்க. சொல்லாதீங்க. நான் சிரிக்கறேன். போட்டோவுக்கு நிக்கறேன். எங்க கூப்புட்டாலும் வாரேன். பதனஞ்சு நாளு சொல்ல மாட்டேன்னீங்கள்ல?"

சிரித்துக் காட்டினாள். ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் அவன் வாயைப் பொத்தினாள். அவன் பின்னால் சாய்ந்தான். இடுப்பில் பெல்ட். எழ முடியவில்லை. சட்டையிலிருந்து அந்தக் கால் விடவில்லை. அவன் அவள் விரலைக் கடித்தான். அவள் எடுக்கவில்லை. மறுபடி கடித்தான். ரத்தம். முன்வரிசையில் நல்லம்மாள் எழுந்து நின்று திரும்பினாள். மடியைப் பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

மார்பில் இழுப்பு நின்றது. அதுவும் கேட்கக் காத்திருந்தது.

அவன் அவள் கையைப் பிடுங்கி எறிந்தான். விமானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"நேத்தே செத்துப் போச்சுடி! தொட்டில உழுந்து செத்துப் போச்சு! உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, பொதைச்சிருங்கன்னு நாந்தான் சொன்னேன்!"