உலைக்குச் சுற்றிப் போட்ட உப்பு

உலையின் அடியில் மஞ்சள் படிந்திருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் மல்லாபூர்த் தொழிற்சாலையில் மஞ்சளுக்கா பஞ்சம்? லேத்திலிருந்து மேஸ்திரியின் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஆனாலும் பாமா குனிந்து பார்த்தாள். இது யாரும் பூசியதாகத் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக உலையில் வைத்திருந்த துவாரத்தின் விளிம்பிலிருந்து வழிந்து இறங்கியிருந்தது.

விடுமுறை. வெளியே மழை மூட்டத்தில் பிற்பகலே மங்கிக் கிடந்தது. காய்ந்த சாமந்தி வாசனையும், தேங்காய்த் தண்ணீரின் புளித்த வாடையும், இவற்றோடு சேராத ஒரு பிளீச்சிங் பவுடர் நெடியும் கூடத்துக்குள் நின்றன. உலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆளுயர ஸ்டெயின்லெஸ் எஃகுப் பானை ஒன்று செக்கச் சிவந்து தொங்கியது. பானைக்குள் ஹைட்ரஜன். பானையின் சுவரில் ஓட்டை விழுந்தால் கூடமும் மிஞ்சாது, கூடத்தில் இருப்பவர்களும் மிஞ்சமாட்டார்கள். அந்தச் சுவரை வாராவாரம் பார்த்துச் சொல்வதுதான் ஆய்வுக்கூடத்துப் பாமாவின் வேலை. அவள் வருவது உலைக்காரர் உலகநாதனுக்கு ஆகவே ஆகாது.

இன்றும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவளை முறைத்துக்கொண்டிருந்தார். பாமா அவருடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரலில் தொட்டு எடுத்தாள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. விளிம்பில் தேய்த்தாள்.

சிவக்கவில்லை.

அப்படியானால் இது மஞ்சள்தூள் அல்ல. அந்த எஃகைக் காப்பதே அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியத் தோல்தான். சூட்டில் உப்பு பட்டால் அந்தத் தோல் இப்படி மஞ்சளாகக் கரைந்துபோகும். பிறகு உள்ளிருக்கும் இரும்பு அடுக்கடுக்காக உரியும். படித்திருக்கிறாள். ஆனால் மூடிய உலைக்குள் உப்பு எப்படி வரும்?

"அண்ணா, இதுக்குள்ள யாராவது உப்பு போட்டாங்களா?"

"நான்தான் போட்டேன். கைக்கு கேக்குறே?" உருது கலந்த அந்த ஊர்த் தமிழில், எதற்குக் கேட்கிறாய் என்றார்.

"எப்போ போட்டீங்க?"

"நீ வந்து உத்துப் பாத்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும். சுத்திப் போடாம இருந்தா இந்த உலை என்னிக்கோ வெடிச்சிருக்கும். உன் கண்ணு அப்படி."

பானைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதென்று அவள் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு பிடி உப்பு உள்ளே போயிருக்கிறது. சுவர் கெட்டுவருகிறது என்று அவள் எச்சரித்த வாரங்களில் இரண்டு பிடி. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

துவாரத்தின் மூடியைத் தள்ளினாள். வெக்கை முகத்தில் அறைந்தது. பானையின் சுவர், காய்ச்சிய பாலின் ஆடை சுருங்குவதைப் போலச் சுருங்கி, ஏடு ஏடாகக் கழன்று, கீழே உதிர்ந்துகொண்டிருந்தது. உதிர்ந்த இடத்தில் இன்னும் சிவப்பான ஒன்று தெரிந்தது. அது மெல்ல உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது.

மூச்சு.

எஃகு மூச்சு விடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓடிப்போய் ஹைட்ரஜன் வால்வை மூடினாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். மோட்டார்களின் ரீங்காரம் அடங்கியது. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் மிச்சம்.

வெப்பமானியின் முள் இறங்கவில்லை.

ஏறியது.

"நக்கோம்மா, வேணாம், அதை நிறுத்த முடியாது," என்றார் உலகநாதன். அவர் ஸ்டூலில் இல்லை. கதவருகே நின்றார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. "அதுக்குப் பசி அடங்கல."

"அண்ணா, கதவைத் திறங்க."

"உன் கண்ணு பட்டதுதானே? நீயே கழிச்சுட்டுப் போ."

அவர் கதவோரம் கிடந்த உப்புச் சாக்கை இழுத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார். பாமா கதவை நோக்கிப் பாய்ந்தாள். தாழ்ப்பாளைத் தொட்ட விரல் பொசுங்கியது. அலறிக்கொண்டு கையை இழுத்தாள். இரும்பு கொதித்தது. கதவு முழுக்கக் கொதித்தது.

திரும்பினாள்.

உலகநாதன் துவாரத்துக்குள் கையை விட்டிருந்தார். தோள் வரைக்கும். அவர் கத்தவில்லை. எதையோ தடவிக்கொடுப்பவர் போல நிதானமாக நின்றார். பிறகு கையை வெளியே எடுத்தார்.

கை கருகவில்லை. ஒளிர்ந்தது. முழங்கையிலிருந்து தோல் ஏடு ஏடாகக் கழன்று சிமெண்ட் தரையில் விழுந்தது. கழன்ற இடமெல்லாம் மஞ்சள்.

"அண்ணா, வேண்டாம்."

அந்தக் கையால் உப்பை அள்ளினார். அவளை நோக்கி நடந்துவந்தார். பாமா பின்வாங்கினாள். முதுகில் கதவின் சூடு. நகர இடமில்லை. அவள் தலையைச் சுற்றி வலப்பக்கம் மூன்று முறை. இடப்பக்கம் மூன்று முறை. தாய் செய்வதைப் போல அவ்வளவு பொறுமையாக.

சுற்றியதை நெருப்பில் போடவேண்டும். அவர் உலைப் பக்கம் திரும்பவில்லை.

வாயைத் திறந்தார். நாக்கு, அண்ணம், தொண்டையின் ஆழம் வரை எல்லாம் செக்கச் சிவந்திருந்தது. பிடி உப்பையும் உள்ளே போட்டுக்கொண்டு, அவள் முகத்தருகே குனிந்து, அதை நறநறவென்று மெல்லத் தொடங்கினார்.