அறுத்துத் தைத்த வார்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு வந்தவர்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்லப்போவது காட்டிலும் மேட்டிலும் நடந்த கதை இல்லை. நம் நல்லூரில், பனியன் தைக்கிற சத்தம் கேட்கிற ஒரு சந்தில், வாசலில் கார் நிற்கிற ஒரு வீட்டில் நடந்தது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள். பாதியில் விட்ட கதை தானாகவே வீடு தேடி வரும்.

அன்று காலை நாகஜோதி காரின் பின்கதவைத் திறந்தபோது பேபி சீட்டின் வார்கள் இறுகிக் கிடந்தன. முந்தின நாள் மகள் அக்ஷராவைத் தூக்கத்திலேயே எடுத்தபோது, வார்களை நன்றாகத் தளர்த்தி இரண்டு பக்கமும் விலக்கிப் போட்டவள் அவள்தான். இப்போது இரண்டு தோள்வார்களும் கீழே இழுபட்டு, நடுவில் பூட்டும் மாட்டியிருந்தது. வாருக்கும் மெத்தைக்கும் நடுவே இருந்த இடம் இரண்டு வயதைத் தொடுகிற அக்ஷராவுக்குப் பற்றாது. அதைவிடச் சின்ன உடம்புக்குத்தான் சரியாக இருக்கும். அந்த இடைவெளிக்குள் கையை விட்டாள். தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுத்த உடனே துணியைத் தொட்டால் தெரியுமே, அந்தச் சூடு. வெயில் இன்னும் சந்துக்குள் இறங்கியிருக்கவில்லை.

கையை வெளியே எடுத்து சேலையில் துடைத்தாள். ஏன் துடைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த சீட்டைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான். பழைய கார் ஒன்றை வாங்கிய புதிதில், பல்லடம் முக்கில் ஒரு தனியார் பஸ் குறுக்கே பாய்ந்தது. கணவன் முனீஸ் பிரேக்கை மிதித்தான். முன்சீட்டில் நாகஜோதியின் மடியில் இருந்த அக்ஷரா வழுக்கிப்போய் டேஷ்போர்டில் நெற்றியை மோதிக்கொண்டாள். பிள்ளையின் நெற்றி வீக்கம் சீக்கிரமே வடிந்துவிட்டது. நாகஜோதியின் கைகள்தான் மறக்கவில்லை. இறுக்கித்தான் பிடித்திருந்தாள். இருந்தும், மேஜையில் இருந்து சரிகிற துணி மாதிரி பிள்ளை அவள் விரல்களுக்கு நடுவே போனது. அன்று தொடங்கியது வாதம்.

முனீஸ் குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறவன். நாகஜோதி வீட்டுக்கு அருகே ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் மேஜையில் நிற்கிறவள். இரண்டு பேருக்கும் தொழில் குறை கண்டுபிடிப்பது. அவனுடைய கணக்கு வேறு, அவளுடையது வேறு.

"ஒரு லாட்டுல இத்தன பீஸ் டேமேஜ் இருந்தாலும் பாஸுன்னு சரக்கு வாங்குற பையரே ஒத்துக்கிறான். டேமேஜே இல்லாத லாட்டுன்னு உலகத்துல கெடையாது நாகு. ரோடும் அப்படித்தான்" என்றான் முனீஸ்.

"அந்த டேமேஜ் பீஸையும் ஏதோ ஒரு புள்ள போட்டுக்குதுல்லங்க. என்கிட்ட இருக்கிறது ஒரே பீஸு" என்றாள் அவள்.

நம் பெற்றோர் எந்த சீட்டில் வளர்ந்தார்கள் என்று கேட்டான். அப்பாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டே கம்பெனிக்கு வந்து போன தன் சின்ன வயதைச் சொன்னான். வளராமலே போய்விட்ட பிள்ளைகள் இன்றைக்குக் கதை சொல்ல வரமாட்டார்கள் என்று அவள் பதில் சொன்னாள். சில வாரம் கழித்து சீட்டோடு வந்து நின்றான். கூட வேலை பார்க்கிறவரின் உறவினர் வெளிநாட்டில் இருந்து வந்தபோது கொண்டுவந்ததாம். மேலுறையைக் கழற்றிவிட்டு சாம்பல் நிற ஃபிலீஸ் துணியில் அவனே புதிதாகத் தைத்திருந்தான். தோள்வார் இரண்டுக்கும் பஞ்சு வைத்துப் பட்டையும் போட்டிருந்தான். தையல் அவ்வளவு நேராக இருந்தது. நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் மட்டும் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பல்லடத்துக் கோழி வண்டியாட்டம் புள்ளையக் கட்டிப்போட்டுத் தூக்கிட்டுப் போறீங்களே" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கின பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. வண்டி நின்று கொண்டிருக்கும்போதே, சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பூட்டு மாட்டுகிற சத்தம் கேட்டது. டக். பிளாஸ்டிக் வெயிலில் விரிந்து சுருங்கும் என்றான் முனீஸ். துவைத்துக் காயவைத்த புது உறையில் இருந்து புளித்த பால் வாடையும், அதற்கு அடியில் மழையில் நனைந்த இரும்பின் வாடையும் எழுந்து வந்தன. அக்ஷரா புட்டிப்பாலை மறந்து வெகுநாள் ஆகியிருந்தது. பிள்ளை சீட்டின் நடுவில் உட்காருவதை விட்டுவிட்டாள். நேராக உட்கார வைத்தாலும் சற்று நேரத்தில் இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஆள் ஏறினால் நாம் நகர்ந்து இடம் கொடுப்பது போல. ஒருநாள் பிஸ்கட்டை உடைத்துப் பாதியைத் தன் வலப்பக்கம் நீட்டினாள். கை வெறுமையாகத் திரும்பியது. நாகஜோதி சீட்டிலும் அடியிலும் தேடினாள். ஒரு துணுக்குக்கூட இல்லை.

இந்த சீட் வேண்டாம் என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். முனீஸ் அவளை உற்றுப் பார்த்தான்.

"மடி ஆபத்துன்னு சண்ட போட்டது நீ. இப்ப சீட்டு வேணாங்கிறதும் நீ. நான் எதத்தான் கேக்குறது?"

என்ன சொல்லுவாள்? வார் சூடாக இருந்தது என்றா? பிஸ்கட்டைக் காணோம் என்றா? தன் வாயால் சொன்ன நியாயங்கள் எல்லாம் இப்போது அவன் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தன. எல்லாமே உண்மையும்கூட. பிள்ளை கையில் இருந்து வழுக்கிப் போன அந்த நொடியை நினைத்தால் மடி என்ற சொல்லே அவளுக்கு நடுக்கம் தந்தது. சீட்டை நினைத்தாலும் நடுக்கம்தான். எதில் வைத்தால் பிள்ளை பிழைக்கும்? சோறு பிசையும்போதும் துணி மடிக்கும்போதும் அவளுக்குள் அந்த ஒரு கேள்விதான் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்தில் இருக்கும் அவள் அக்கா ஜோதிகா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். உடுமலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்கிற நேரம்தான், ஆனாலும் வானம் கரி பூசினாற்போல் இருந்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் பாதி உடம்போடு நின்றன. மேல்பாதியை மேகம் விழுங்கியிருக்க, இறக்கைகள் மட்டும் மேலிருந்து இறங்கி இறங்கி ஏறின, அவை காற்றை அறுக்கிற சத்தம் மழைச் சத்தத்துக்குள்ளும் ஒரு பெருமூச்சைப் போல விட்டுவிட்டுக் கேட்டது. நாகஜோதி பின்சீட்டில், பேபி சீட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே விளக்கு இல்லை. அக்ஷரா கழுத்தைச் சொறிந்துகொண்டு சிணுங்கினாள்.

தோள்பட்டையின் ஓரம் உறுத்துகிறதோ என்று அவள் விரலை உள்ளே விட்டாள். செக்கிங் மேஜையில் தேய்ந்த விரல்கள் அவை. பஞ்சுக்கு அடியில், வாரின் மேல், ஒரு மேடு தட்டுப்பட்டது. தடவினாள். வார் அங்கே முடிந்து, மறுபடி தொடங்கியது. ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, வரிசை வரிசையாகத் தைத்த இணைப்பு. அடுத்த தோளிலும் அதே இடத்தில் அதே மேடு. தேய்ந்து கிழிந்த வார் இல்லை. பிசிறு இல்லாமல், கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தது.

பூட்டைத் திறந்தால் பிள்ளையை எடுத்துவிடலாம். பூட்டைத் திறக்க நேரம் இல்லாதபோதுதான் வாரை அறுப்பார்கள்.

"ஏங்க, இந்த சீட்டு எங்க எடுத்தீங்க?"

முனீஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். முதலில் பழைய பதிலையே சொன்னான். அவள் மறுபடி கேட்டாள். வைப்பர் போய் வந்தது. பிறகு சொன்னான். பல்லடம் ரோட்டில் அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற நஜீமுதீன் பாயிடம் எடுத்தது. பிள்ளையை உட்கார வைக்க என்றால் தரமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். கம்பெனி சாம்பிள் ரூமில் பொம்மைக்கு உடுப்புப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி வாங்கியிருக்கிறான்.

"வார் மட்டுந்தான் அறுந்திருந்துச்சு நாகு. பீஸு அறுந்தா ஆல்ட்டர் பண்ணி அனுப்புறதில்லையா? நாலு வரிச போட்டு நானே அடிச்சேன். யானையக் கட்டினாலும் விடாது."

"அதுல இருந்த புள்ள?"

மழை கூரையில் அடித்தது.

"அவரு சொல்லல. நானும் கேக்கல."

உடனே வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓரத்தில் சேறு, பின்னால் லாரி முட்டிக்கொண்டு வருகிறது, முன்னால் பெட்ரோல் பங்க் வரும், அங்கே நிறுத்துகிறேன் என்றான். அவ்வளவு பயம் என்றால் அதுவரை மடியில் வைத்துக்கொள் என்றான். குரலில் கோபம் இல்லை. பிடிபட்டவனின் களைப்பு இருந்தது.

மடியா, சீட்டா. அவளுக்குள் நாள்கணக்காக ஓடிய வாதம் அந்த இருட்டில் சட்டென்று நின்றுபோனது. இங்கே இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் மிச்சம்.

பூட்டை அழுத்தினாள். திறக்கவில்லை. இரண்டு கட்டைவிரலும் வைத்து அழுத்தினாள். திறக்கவில்லை. அவள் கைக்கு அடியிலேயே வார் மெல்ல, மிக மெல்ல, கீழ்நோக்கி நகர்ந்தது. யாரும் இழுக்கவில்லை. பிள்ளையின் மூச்சு மாறியது.

கைப்பையில் நூல் வெட்டுகிற டிரிம்மர் இருந்தது. எடுத்தாள். தையலில் வைத்தாள். அறுத்தாள். ஒரு தோள். அடுத்த தோள். முனீஸ் அடித்த நாலு வரிசையும் பட்பட்டென்று விட்டுக்கொடுத்தன. வார்கள் இரண்டு பக்கமும் விழுந்தன. அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். இரண்டு சின்னக் கைகள் உடனே அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. தலை அவள் தாடைக்கு அடியில் புதைந்தது.

"எடுத்துட்டியா?" என்றான் முனீஸ்.

"எடுத்துட்டேங்க."

அவன் பெருமூச்சு விட்டு, பங்க்கைச் சீக்கிரம் பிடிக்க வண்டியை விரட்டினான். நாகஜோதி பிள்ளையை நெஞ்சோடு அணைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒன்றுமில்லை சாமி, ஒன்றுமில்லை. தடவிய கை நின்றது.

நாளெல்லாம் குழந்தைச் சட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பிரிக்கிற கை. லேபிளைப் பார்க்காமலே அளவு சொல்லும். தோளில் இருந்து இடுப்புவரை ஒரு சாண்கூட வரவில்லை. கால்கள் அவள் வயிற்றோடு முடிந்துவிட்டன.

ஆறு மாதத்து அளவு.

சட்டை ஈரம். உள்ளே உடம்பு குளிர்ந்திருந்தது. புளித்த பால் வாடை, இப்போது அவள் மூக்குக்கு நேர் கீழே. அது மூச்சு விடவில்லை. பிடி மட்டும் இருந்தது.

அவள் குனியவில்லை. குனிந்தால் முகம் தெரியும்.

பக்கத்தில், சீட்டில் இருந்து, தூக்கம் கலைந்த குரல் கேட்டது.

"அம்மா… நானு?"

எதிரே வளைவில் ஒரு லாரி திரும்பியது. வெளிச்சம் மழையோடு சேர்ந்து காருக்குள் பாய்ந்து, பின்சீட் முழுவதும் வெள்ளையானது. இடது ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள் அக்ஷரா. அறுந்த வார்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் தொங்கின. பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் அம்மாவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

முனீஸ் பிரேக்கை மிதித்தான்.

நாகஜோதி மகளை நோக்கிக் கைகளை நீட்டப் பார்த்தாள். கைகள் வரவில்லை. அவள் கழுத்தில் கோத்திருந்த அந்தச் சின்ன விரல்கள், எப்போதோ ஒரு தரம் கைவிடப்பட்ட விரல்கள், இன்னும் இறுகின.

அவ்வளவுதான் கண்ணுகளா. இனி எழுந்து போங்கள், போய் உங்கள் பிள்ளைகள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் செல்வங்கள் ஏறின வண்டியில் இருந்து தாமாகவே குதித்து இறங்கி, அம்மா என்று ஓடி வரட்டும். கதவைத் திறந்து எண்ணிப் பார்க்கிற தாய்க்கு ஒரு தலை குறையாமலும், ஒரு தலை கூடாமலும் இருக்கட்டும்.